"கொஞ்சம் பொறுங்கள்" என்றவர்களுக்குக் கிங் எழுதிய பதில்: பர்மிங்ஹாம் சிறைக் கடிதத்தை எப்படிப் படிப்பது?

"எங்கோ ஓரிடத்தில் நடக்கும் அநீதி, எல்லா இடத்திலும் உள்ள நீதிக்கு ஆபத்து." மார்ட்டின் லூதர் கிங்கின் இந்த வரியை ஒரு முறையாவது பார்க்காதவர்கள் குறைவு. போராட்டப் பதாகை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், கல்லூரி மேடை என்று எங்கும் வருகிறது. அதே கிங்கைக் காட்டித்தான் "போராடுவதென்றால் அவரைப் போல அமைதியாக, சட்டத்துக்கு உட்பட்டுப் போராடுங்கள்" என்றும் பலர் எழுதுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். ஏனென்றால் அந்த வரியை எழுதியபோது கிங் சிறையில் இருந்தார். நீதிமன்றத் தடை உத்தரவைத் தெரிந்தே மீறிவிட்டு உள்ளே போனவர் அவர்.

அந்த வரி வருவது 1963 ஏப்ரல் 16 தேதியிட்ட ஒரு பகிரங்கக் கடிதத்தில். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 7,000 சொற்கள். அது முழுக்க முழுக்க ஒரு பதில் கடிதம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யார் என்ன சொன்னதற்குப் பதில் என்று தெரியாமல் படித்தால் நல்ல நல்ல பொன்மொழிகளாகத் தெரியும், அவ்வளவுதான். தெரிந்துகொண்டு படித்தால், மனிதர்களை இணங்க வைக்கும் எழுத்து எப்படிக் கட்டப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது கடினம் என்பது என் கருத்து.

முதலில், பர்மிங்ஹாம் எப்படிப்பட்ட ஊர்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள இரும்பு, எஃகு ஆலை நகரம். இனப் பிரிவினை என்றதும் ஏதோ மனிதர்களின் மனப்பான்மை, பழக்கவழக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே அது எழுதி வைத்த சட்டம். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து சீட்டு, தாயக்கட்டை, டாமினோ விளையாடக் கூடாது என்று நகரச் சட்டம் சொன்னது. ஒரே உணவகத்தில் இரு தரப்புக்கும் சாப்பாடு போட வேண்டுமென்றால் நடுவில் தரையிலிருந்து குறைந்தது 7 அடி உயரத்துக்குத் தடுப்புச் சுவர் வேண்டும், தெருவிலிருந்து உள்ளே வரத் தனித்தனி வாசல் வேண்டும் என்றது. பூங்காக்களை எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டபோது, 1962-ல் நகர நிர்வாகம் பூங்காக்களையே இழுத்து மூடியது. கறுப்பினத்தவரின் வீடுகளிலும் தேவாலயங்களிலும் அடிக்கடி குண்டு வெடித்ததால் அந்த ஊருக்கு "பாமிங்ஹாம்" என்றே பட்டப்பெயர்.

அங்கே இதை எதிர்த்து நின்றவர் பிரெட் ஷட்டில்ஸ்வொர்த் என்ற பாதிரியார். கறுப்பினத்தவரின் முக்கிய உரிமை அமைப்பு அலபாமாவில் செயல்படக் கூடாது என்று 1956-ல் மாநில நீதிமன்றம் தடை போட்டதும், வேறொரு பெயரில் புதிய அமைப்பு தொடங்கினார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் இரவு அவர் வீட்டில் குண்டு வைத்தார்கள், உயிர் தப்பினார். கிங்கைப் பர்மிங்ஹாமுக்கு வரச் சொன்னது இவருடைய அமைப்புதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் நடந்தது வரிசையாக:

1. 1962 செப்டம்பரில் கடை முதலாளிகளோடு பேச்சுவார்த்தை நடந்தது. "வெள்ளையருக்கு மட்டும்" வகைப் பலகைகளை எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். சில பலகைகள் இறங்கின, கொஞ்ச நாளில் திரும்ப ஏறின. மற்றவை இறங்கவே இல்லை.
2. 1963 ஏப்ரல் 2 அன்று மேயர் தேர்தலின் இறுதிச் சுற்று. நகரக் காவல் துறையைக் கையில் வைத்திருந்த கடும் பிரிவினைவாதி புல் கானர் தோற்றார், ஆல்பர்ட் பௌட்வெல் வென்றார். ஆனால் பழைய நிர்வாகம் பதவியை விட மறுத்து வழக்குக்குப் போனது. தேர்தலுக்காகக் காத்திருந்த போராட்டக் குழு, மறுநாளே களத்தில் இறங்கியது. ஈஸ்டர் விற்பனைக் காலம் என்பதால் கடைப் புறக்கணிப்பு உறைக்கும் என்பது கணக்கு.
3. ஊர்வல அனுமதி கேட்டு லோலா ஹென்ட்ரிக்ஸ் என்ற பெண் கானரிடமே நேரில் போனார். "பர்மிங்ஹாமில் உங்களுக்கு அனுமதி கிடையாது, வேண்டுமானால் உங்களைச் சிறைக்கு ஊர்வலமாக அனுப்புகிறேன்" என்கிற பொருளில் பதில் வந்தது. இது பின்னால் உச்ச நீதிமன்ற ஆவணத்திலேயே ஏறியது.
4. ஏப்ரல் 10 இரவு, எதிர்த் தரப்பைக் கேட்காமலேயே ஊர்வலங்களுக்குத் தடை விதித்தார் மாநில நீதிபதி.
5. ஏப்ரல் 12, புனித வெள்ளி. கிங்கும் அவருடைய நெருங்கிய தோழரான பாதிரியார் ரால்ப் அபெர்னதியும் தடையை மீறி நடந்தார்கள், கைதானார்கள். கிங் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டார்.

எட்டுப் பேர் விட்ட அறிக்கை

கிங் உள்ளே போன அதே நேரத்தில் உள்ளூர் நாளிதழில் ஒரு அறிக்கை வந்தது. கையெழுத்துப் போட்ட எட்டுப் பேரும் வெள்ளை இன மதத் தலைவர்கள்: கிறிஸ்தவ ஆயர்கள், பாதிரியார்கள், ஒரு ரபி (யூத மதகுரு). இவர்கள் இனவெறியர்கள் அல்ல, இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. அந்த ஜனவரியில் "இன்றும் பிரிவினை, நாளையும் பிரிவினை, என்றென்றும் பிரிவினை" என்று முழங்கிப் பதவியேற்றார் அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ். அதற்குப் பிறகு, நீதிமன்றத் தீர்ப்புகளை மதித்து நடக்க வேண்டும் என்று துணிந்து அறிக்கை விட்டவர்கள் இந்த வட்டாரத்தினர்தான். அந்த ஊரில், அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

ஏப்ரல் அறிக்கையில் அவர்கள் சொன்னது சுருக்கமாக இதுதான். ஆர்ப்பாட்டங்கள் விவேகமற்றவை, நேரம் பார்த்துச் செய்யப்படாதவை. ஓரளவு வெளியாட்கள் நடத்துகிறார்கள். வன்முறைக்கு வழி விடுகின்றன. குறை இருந்தால் நீதிமன்றத்திலும் பேச்சுவார்த்தையிலும் தீர்த்துக்கொள்ள வேண்டுமே தவிரத் தெருவில் அல்ல. காவல் துறை அமைதியாக நடந்துகொண்டதற்குப் பாராட்டு. உள்ளூர்க் கறுப்பின மக்கள் இந்தப் போராட்டத்துக்கு ஆதரவு தரக் கூடாது. கிங்கின் பெயர் அதில் எங்கும் இல்லை.

மிதமான, நாகரிகமான மொழி. யாருக்கும் "பாவம், நியாயமாகத்தானே பேசுகிறார்கள்" என்று தோன்றும். கத்திப் பேசும் எதிரிக்குப் பதில் சொல்வது சுலபம். இப்படிப் பேசுகிறவர்களுக்குச் சொல்வதுதான் கடினம்.

நாளிதழ் உள்ளே வந்து சேர்ந்ததும், அதன் ஓரங்களில் இருந்த வெற்று இடத்திலேயே பதில் எழுத ஆரம்பித்தார் கிங். பிறகு கிடைத்த துண்டுக் காகிதங்களில், அப்புறம் வக்கீல்கள் கொடுத்த தாள்களில். அவை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கடத்தப்பட்டு, தட்டச்சாகி, திருத்தப்பட்டுக் கடிதமாயின.

கடிதம் யாருக்கு?

உறையின் மேல் எட்டுப் பேர். உண்மையில் அவர் கண்முன் இருந்தவர்கள் வேறு: நாட்டின் பிற பகுதிகளில், குறிப்பாக வடக்கில், "நோக்கம் சரி, வழிதான் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த நல்ல மனம் படைத்த வெள்ளையர்கள். எட்டுப் பேரும் அவர்களுக்கான முகவரி மாதிரி.

இதனால்தான் கடிதம் "அன்புள்ள சக மதகுருமார்களே" என்று தொடங்குகிறது. இந்த ஒரு விளிப்பிலேயே மூன்று வேலை நடக்கிறது. ஒன்று, கைதி எழுதும் மன்னிப்புக் கடிதமல்ல இது, ஒரே தொழிலில் இருக்கும் சமமானவர்களின் உரையாடல் என்று நிலை நிறுத்துகிறது. இரண்டு, எந்த ஆதாரங்களை வைத்துப் பேசப் போகிறோம் என்று முடிவு செய்துவிடுகிறது: விவிலியம், திருச்சபை அறிஞர்கள், அமெரிக்க அரசியலமைப்பு. எதிர்த் தரப்பு மறுக்கவே முடியாத ஆதாரங்கள். மூன்று, "நீங்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள் என்று நம்புகிறேன், அதனால் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். அந்த எட்டுப் பேரில் ஒருவரான பாதிரியார் ஸ்டாலிங்ஸ், முந்தைய ஞாயிறு தன் தேவாலயத்தில் கறுப்பினத்தவரை உள்ளே அனுமதித்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டவும் செய்கிறார். இது பணிவுக்காகச் சேர்த்த வரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களில் ஒருவரால் முடிந்தது மற்ற ஏழு பேருக்கு ஏன் முடியவில்லை என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

குற்றச்சாட்டும் பதிலும்

1. "வெளியாள்"

பதில் மூன்று படியாக ஏறுகிறது. முதல் படி சாதாரண உண்மை: என் அமைப்போடு இணைந்த உள்ளூர் அமைப்பு (ஷட்டில்ஸ்வொர்த்துடையது) அழைத்தது, வந்தேன். இரண்டாம் படி மதம்: பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் ஊரை விட்டுப் போனார்கள், இயேசுவின் திருத்தூதர் பவுல் மக்கெதோனியாவுக்குப் போனார், நானும் போகிறேன். (ஒரு பாதிரியார் பவுலை வெளியாள் என்று சொல்ல முடியுமா?) மூன்றாம் படியில்தான் "எங்கோ நடக்கும் அநீதி" வரி வருகிறது. அதன் உடனடித் தொடர்ச்சி, அமெரிக்காவின் எல்லைக்குள் வாழும் யாரும் அதன் எந்தப் பகுதிக்கும் வெளியாள் அல்ல என்பது. ஆக, நாம் பதாகையில் எழுதும் அந்த வரி ஒரு பொதுவான நல்லெண்ண வாசகமாகப் பிறக்கவில்லை. "நீ யார் இங்கே வந்து பேச?" என்ற கேள்விக்குச் சொன்ன பதில் அது. அந்தச் சூழலை எடுத்துவிட்டால் வரியின் பல் போய்விடுகிறது.

2. "பேசித் தீர்த்துக்கொள்ளலாமே"

இங்கே கிங் ஒரு வழிமுறையை விளக்குகிறார். வன்முறையற்ற போராட்டத்துக்கு நான்கு கட்டங்கள்: அநீதி நடக்கிறதா என்று தகவல் திரட்டுவது, பேச்சுவார்த்தை, சுயத் தூய்மை, நேரடி நடவடிக்கை. சுயத் தூய்மை என்றால், "அடி வாங்கினாலும் திருப்பி அடிக்காமல் இருப்பாயா? சிறையைத் தாங்குவாயா?" என்று தங்களையே கேட்டுப் பயிற்சி எடுப்பது. 1959-ல் இந்தியாவுக்கு வந்து காந்திய வழியைத் தேடித் தெரிந்துகொண்டவர் கிங். சத்தியாகிரகம் தெரிந்த நமக்கு இந்தக் கட்டம் புதிதல்ல.

பேச்சுவார்த்தை வேண்டும் என்பதை அவர் மறுக்கவே இல்லை, முழுசாக ஒப்புக்கொள்கிறார். அதற்காகத்தான் தெருவில் இறங்கினோம், பேச மறுக்கும் ஊரைப் பேச வைக்கும் அளவுக்கு ஒரு நெருக்கடியை உண்டாக்குவதே நோக்கம் என்கிறார். பதற்றம் என்ற சொல்லைக் கேட்டு எனக்குப் பயமில்லை என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். எதிராளி குற்றமாகச் சொன்னதை அப்படியே வாங்கி, ஆமாம், அதுதான் வேலை என்று சொல்லும் துணிச்சல் இது.

3. "நேரம் சரியில்லை"

கடிதத்தின் உயிர் இந்த இடம். புது மேயருக்கு அவகாசம் கொடுங்கள் என்பதற்கு, பௌட்வெல் கானரைவிட மென்மையானவர்தான், ஆனால் இருவரும் பிரிவினைவாதிகளே என்று ஒரு வரியில் பதில் முடிகிறது. பிறகு 340 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்துவிட்டோம் என்கிறார். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஜெட் வேகத்தில் விடுதலையை நோக்கிப் போகின்றன, நாங்களோ ஒரு கோப்பை காபிக்காகக் குதிரை வண்டி வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறோம் என்கிறார். இதுவரை வழக்கமான வாதம்.

அடுத்து வருவது ஒரே ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் 300 சொற்களுக்கு மேல் நீள்கிறது. "நீங்கள் பார்த்திருந்தால்" என்ற பாணியில் ஒன்றன் மேல் ஒன்றாக நிபந்தனைகள் அடுக்கப்படுகின்றன. வெறிக் கும்பல் உங்கள் தாய் தந்தையரைக் கொல்வதைப் பார்த்திருந்தால். போலீஸ்காரர்கள் உங்கள் சகோதரர்களை உதைப்பதைப் பார்த்திருந்தால். ஆறு வயது மகள் தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்த ஃபன்டவுன் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்லி, அது கறுப்பினக் குழந்தைகளுக்கு இல்லை என்று சொல்ல நேர்ந்து, உங்களுக்கு நாக்கு குழறி, அவள் கண்ணில் நீர் முட்டுவதைப் பார்த்திருந்தால். "அப்பா, வெள்ளைக்காரர்கள் ஏன் நம்மை இப்படி நடத்துகிறார்கள்?" என்று ஐந்து வயது மகன் கேட்டு, அதற்கு ஒரு பதிலை ஜோடிக்க வேண்டி வந்திருந்தால். எந்த விடுதியும் இடம் தராமல் ராத்திரி ராத்திரியாகக் காரிலேயே மடங்கிப் படுத்திருந்தால். வயது எத்தனை ஆனாலும் உங்களை "பையா" என்றே கூப்பிட்டு, உங்கள் மனைவிக்கும் தாய்க்கும் "திருமதி" என்ற மரியாதையை ஒரு தடவைகூடக் கொடுக்காமல் இருந்திருந்தால். இப்படிப் போய்க்கொண்டே இருந்து கடைசியில், அப்போதுதான் எங்களால் ஏன் காத்திருக்க முடியவில்லை என்பது புரியும் என்று முடிகிறது.

இதில் நடப்பதைக் கவனியுங்கள். வாக்கியம் எப்போது முடியும் என்று வாசகர் காத்துக்கொண்டே இருக்கிறார். முற்றுப்புள்ளி வருவதாக இல்லை. மூச்சு முட்டுகிறது. ஒரே ஒரு வாக்கியத்துக்குக் காத்திருப்பதே இவ்வளவு கஷ்டமாக இருக்கிறதே என்று உணர வைத்துவிட்டு அதன் பிறகே முடிவைச் சொல்கிறார். "பொறுங்கள்" என்ற அறிவுரைக்கு வாதமாகப் பதில் சொல்லாமல், பொறுப்பது என்றால் என்ன என்று வாசகரின் உடம்பிலேயே காட்டுகிறார்.

அடுக்கின் வரிசையும் தற்செயலானது அல்ல. கொலையில் ஆரம்பித்தவர் அங்கேயே நிற்கவில்லை, குழந்தையின் கண்ணீருக்கும் மனைவியின் மரியாதைக்கும் வருகிறார். கும்பல் கொலை எங்கோ கெட்டவர்கள் செய்வது என்று படிக்கும் வெள்ளையர் தள்ளிவிடலாம். தன் மகள் கேட்டதை மறுக்க வேண்டிய அப்பாவின் நிலையை எந்த அப்பாவால் தள்ள முடியும்?

4. "சட்டத்தை மீறுகிறீர்களே"

தன் பக்கத்தின் பலவீனத்தைத் தானே எடுத்து மேசையில் வைக்கிறார். பள்ளிகளில் பிரிவினை கூடாது என்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மதியுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லும் நாங்கள், வேறு சட்டங்களை மீறுவது முரணாகத் தெரியலாம், நியாயமான கேள்விதான் என்கிறார். பிறகு அநியாயமான சட்டத்தைக் கண்டுபிடிக்கும் அளவுகோல்கள்:

- பெரும்பான்மை சிறுபான்மை மேல் சுமத்திவிட்டுத் தான் அதற்குக் கட்டுப்படாத சட்டம்.
- வாக்குரிமை மறுக்கப்பட்டவர்கள் மேல், அவர்களுக்குப் பங்கே இல்லாத அவை இயற்றிய சட்டம்.
- எழுத்தில் சரியாக இருந்து, நடைமுறையில் அநியாயத்துக்குப் பயன்படுவது. ஊர்வல அனுமதி விதி இந்த வகை: விதி தப்பில்லை, கானர் கையில் அது பூட்டு.

பழங்காலத் திருச்சபை அறிஞர்கள் புனித அகஸ்டினும் அக்குவினாஸும் துணைக்கு வருகிறார்கள், யூத இறையியலாளர் மார்ட்டின் பூபரும் வருகிறார் (எட்டுப் பேரில் ஒருவர் ரபி என்பதை மறக்க வேண்டாம்). கூடவே ஒரு கடுமையான நிபந்தனையும் உண்டு: மீறுகிறவர் வெளிப்படையாக, அன்போடு மீற வேண்டும், தண்டனையை ஏற்க வேண்டும். தன் வசதிக்காக விதியை உடைப்பவரையும் இவரையும் பிரிப்பது இந்த நிபந்தனைதான். இட்லர் செய்தது எல்லாம் ஜெர்மனியில் சட்டப்படி சரி என்று அவர் நினைவூட்டும்போது, போர் முடிந்து 18 ஆண்டுகளே ஆகியிருந்தன.

5. "தீவிரவாதி"

முதலில் வருத்தப்பட்டேன், பிறகு யோசித்தபோது அந்தப் பட்டம் பிடித்துவிட்டது என்கிறார். இயேசு அன்பில் தீவிரவாதி இல்லையா, தீர்க்கதரிசி ஆமோஸ் நீதியில் இல்லையா என்று பட்டியல் லிங்கன், ஜெபர்சன் வரை போகிறது. அதற்குமுன், ஒரு பக்கம் எதையும் சகித்துக்கொள்ளும் கறுப்பினத்தவர், மறுபக்கம் வெள்ளையரை முற்றாக வெறுக்கும் இயக்கங்கள், நான் நடுவில் நிற்கிறேன் என்று தன் இடத்தையும் காட்டுகிறார். எங்களை ஒதுக்கினால் மக்கள் எங்கே போவார்கள் என்று யோசியுங்கள் என்கிற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

பணிவு முடிந்து கண்டனம் தொடங்கும் இடம்

பாதிக் கடிதம் வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரெனக் கேள்வி கேட்பவராக மாறுகிறார். கறுப்பினத்தவரின் விடுதலைக்குப் பெரிய தடை கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள்கூட இல்லை, நீதியைவிட ஒழுங்கை அதிகம் நேசிக்கும் மிதவாத வெள்ளையர்தான் என்ற முடிவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டேன் என்கிறார். பதற்றம் இல்லாத அமைதி வேறு, நீதி இருக்கும் அமைதி வேறு என்று பிரிக்கிறார். ஆர்ப்பாட்டம் வன்முறையைத் தூண்டுகிறது என்பது, பணம் வைத்திருந்ததால்தான் திருட்டு நடந்தது என்று பறிகொடுத்தவரையே குற்றம் சொல்வது போல் இல்லையா என்று கேட்கிறார். காவல் துறையைப் பாராட்டினீர்களே, நாய்கள் நிராயுதபாணிகளின் உடம்பில் பல்லைப் பதித்ததைப் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பீர்களா என்கிறார்.

இதை முதல் பத்தியிலேயே சொல்லியிருந்தால் எட்டுப் பேரும் தாளை மடித்து வைத்திருப்பார்கள். அவர்களுடைய வேதம், அவர்களுடைய அறிஞர்கள், அவர்களுடைய நாட்டின் வரலாறு என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ள வைத்த பிறகு சொல்வதால், மறுப்பதற்கு அவர்களிடம் மிச்சம் இருப்பது குறைவு.

சரி, இந்தக் கடிதம் யாரை மாற்றியது?

உடனடியாக, பர்மிங்ஹாமில் யாரையும் இல்லை. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு கடிதம் ஊரையே மாற்றிவிட்டது என்று எழுதுவது நடந்ததற்குத் துரோகம். கிங் ஏப்ரல் 20 அன்று ஜாமீனில் வந்தபோது போராட்டம் சோர்ந்திருந்தது. அதை நிமிர்த்தியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். மே 2 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் 16-வது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து அலை அலையாகக் கிளம்பினார்கள். மறுநாள் கானர் தீயணைப்புக் குழாய்களையும் நாய்களையும் ஏவினார். படங்கள் உலகம் முழுக்கப் போயின. மே 10 அன்று உடன்பாடு வந்தது: உணவகக் கவுண்ட்டர், கழிவறை, உடை மாற்றும் அறை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றில் பிரிவினை நீங்கும். செப்டம்பர் 15 அன்று அதே தேவாலயத்தில் வெடித்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடிதம் பரவலாக அச்சேறியதே அந்தப் படங்களுக்குப் பிறகுதான், மே மாதத்திலும் கோடையிலும். என் பார்வையில் அதன் வேலை அங்கேதான் தொடங்குகிறது. படம் அதிர்ச்சி தரும். ஆனால் "பிள்ளைகளை ஏன் தெருவுக்கு அனுப்பினார்கள், சட்டத்தை ஏன் மீறினார்கள்" என்ற கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. அதிர்ந்துபோய்க் காரணம் தேடிய வாசகர் கைக்குப் பதில்கள் தயாராக வந்து சேர்ந்தன. தேவாலயங்களும் இதழ்களும் அதை அச்சிட்டுப் பரப்பின. ஜூன் 11 அன்று அதிபர் கென்னடி இது அறம் சார்ந்த பிரச்சினை என்று தொலைக்காட்சியில் பேசினார், 1964 ஜூலை 2 அன்று, பொது இடங்களில் இனப் பிரிவினையைத் தடை செய்த குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தானது. இதில் எவ்வளவு பங்கு கடிதத்துக்கு என்று பிரித்து அளக்க முடியாது. தெருவில் உடம்புகள் இல்லாமல் இந்தச் சொற்கள் தனியாக ஒன்றும் செய்திருக்காது என்பது மட்டும் தெளிவு.

நீதிமன்றம் என்ன சொன்னது?

தடையை மீறிய வழக்கு தொடர்ந்து நடந்தது. 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கிங் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காரணம் இப்படி: நீதிமன்றத் தடை தவறானதாகவே இருந்தாலும், முதலில் மேல்முறையீடு செய்ய வேண்டும்; மீறிவிட்டு, பிறகு அந்தத் தடை செல்லாது என்று வாதாட முடியாது. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் கிங் திரும்பவும் பர்மிங்ஹாமுக்குப் போய்ச் சிறைத் தண்டனையை அனுபவித்தார். தண்டனையை ஏற்க வேண்டும் என்று தான் எழுதிய நிபந்தனைக்கு அவரே உட்பட்டார்.

அதே புனித வெள்ளி ஊர்வலத்துக்காக ஷட்டில்ஸ்வொர்த் மேல் போட்ட வழக்கு தனியாக நடந்தது. அதில் அந்த ஊர்வல அனுமதி விதி, அதிகாரிகளின் இஷ்டத்துக்கு விடப்பட்டிருந்ததால் அரசியலமைப்புக்கு முரணானது என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தது 1969 மார்ச்சில், கிங் கொல்லப்பட்டு ஏறத்தாழ ஓராண்டு கழித்து. நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எட்டுப் பேரும் சொன்ன வழியில், ஓர் ஊர்வலத்தின் அனுமதிக் கேள்வி தீர ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆயின.